ஃபேஸ்புக் ஏ.பி.ஐ. மாறிக்கொண்டே இருக்கிறது, ஒற்றை ஆளாகச் செயலியைக் காப்பாற்றுவது எப்படி?

சுங்குடிக்காரன் எழுதியது:

வணக்கம். சின்னாளப்பட்டியில் பன்னிரண்டு சேலைக் கடைகளுக்காக ஒரு செயலி நடத்துகிறேன். கடைக்காரர் சேலையைப் படம் பிடித்து விலையை எழுதிப் பொத்தானை அழுத்தினால் போதும், அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தில் ஏறிவிடும். என் நிரல் ஃபேஸ்புக்கோடு பேச அவர்கள் திறந்து வைத்திருக்கும் வாசல்தான் ஏ.பி.ஐ. இன்ஸ்டாகிராம் பிற்பாடு சேர்ந்தது. படத்தின் கீழே வாடிக்கையாளர்கள் கேட்பதெல்லாம் ஒரே திரையில் வந்து சேரும். எழுதியதும் பார்த்துக்கொள்வதும் நான் ஒருவன்தான்.

சென்ற தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது எல்லாக் கடைகளின் பதிவுகளும் நின்றுவிட்டன. பயனர் தரவை விதிப்படிதான் கையாளுகிறோம் என்று ஃபேஸ்புக்குக்கு ஆண்டுக்கு ஒரு முறை உறுதி கொடுக்க வேண்டும் அல்லவா, அதை நான் கொடுக்கவில்லை. நினைவூட்டல்கள் ஒழுங்காகத்தான் வந்திருக்கின்றன. ஆனால் தொடக்கத்தில் பதிந்து வைத்து, பிறகு நான் திறந்தே பார்க்காத மின்னஞ்சல் முகவரிக்கு வந்திருக்கின்றன. தவறு முழுக்க என்னுடையது. அன்று இரவு இரண்டு மணி வரை பன்னிரண்டு கடைகளின் படங்களையும் கைப்பேசியிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றினேன். "விற்கிற நாளில் கடையைப் பூட்டின மாதிரி ஆகிவிட்டதே" என்று ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அந்த முகவரியை மாற்றிவிட்டேன். என் கவலை அதற்கு அப்பால். ஏ.பி.ஐ.க்குப் புதிய பதிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. மாற்றக் குறிப்புகளைப் படிப்பதற்கே ஒரு நாள் போய்விடுகிறது. படித்த பிறகும் அது என் நிரலைத் தொடுமா என்று தெரிவதில்லை. நீங்கள் எல்லாம் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மின்மினி எழுதியது:

முதலில் ஒன்றைப் பாருங்கள். உங்கள் நிரல் ஃபேஸ்புக்கை அழைக்கும் இணைய முகவரிகளில் பதிப்பு எண் இருக்கிறதா? எண் இல்லாமல் கேட்டால், உங்கள் செயலிக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பழைய பதிப்பு பதில் சொல்லும். காலாவதியான எண்ணைக் கொடுத்தாலும் அழைப்பு உடனே நின்றுவிடாது. உயிரோடு இருக்கும் அடுத்த பழைய பதிப்புக்குத் தள்ளிவிடப்படும். அதனால்தான் ஒருவரும் நிரலைத் தொடாமலேயே ஒரு நாள் நடத்தை மாறிவிடுகிறது. எந்தப் பதிப்பு பதில் சொன்னது என்று ஒவ்வொரு பதிலின் தலைப்பகுதியிலும் ஒரு வரி வரும். அதை லாகில், அதாவது நிரலின் நாட்குறிப்புக் கோப்பில், எழுதி வையுங்கள். கேட்ட எண்ணும் வந்த எண்ணும் வேறாக இருந்தால் அன்றே உங்களுக்குச் செய்தி வரட்டும்.

வைகைக்கரை எழுதியது:

தம்பி, உங்கள் கடைக்காரர் சொன்னதைப் படித்துவிட்டு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் 2010-இல் ஃபேஸ்புக்கின் இந்த ஏ.பி.ஐ., அதாவது கிராஃப் ஏ.பி.ஐ., வந்த ஆண்டு முதல் இதில் எழுதுகிறேன். பதிப்பு எண் என்பதே அப்போது கிடையாது. 2014 ஏப்ரல் 30 அன்று 2.0 வந்தபோதுதான் ஒரு பதிப்பு குறைந்தது இரண்டு ஆண்டு இருக்கும் என்ற உறுதி கிடைத்தது. மனதார வரவேற்றேன். இன்றும் அது பெரிய வசதி என்றே சொல்வேன்.

ஆனால் அந்த உறுதி எதற்குச் செல்லாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தனியுரிமை, பாதுகாப்பு என்று வந்துவிட்டால் எல்லாப் பதிப்புகளும் ஒரே நாளில் மாறும். ஃபேஸ்புக் பயனர்களின் தரவு முறைகேடாகக் கைமாறிய கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்துக்குப் பிறகு 2018 ஏப்ரல் 4 அன்று அப்படித்தான் நடந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் தனிநபரின் பெயரில் செயலிகள் பதிவிட முடியாமல் போனது. குழுக்களுக்கான ஏ.பி.ஐ. விலகப்போவதாக 2024 ஜனவரியில் 19.0 வந்தபோது அறிவிப்பு வந்தது. ஏப்ரல் 22-இல் அது எல்லாப் பதிப்புகளிலிருந்தும் போய்விட்டது. மூன்று மாதம்தான் இடைவெளி. இரண்டு ஆண்டுக் கணக்கை மட்டும் நம்பி நாள்காட்டி போட்டவர்களுக்கு அது உதவியிருக்காது.

ஆகவே, மாற்றம் எப்போது வரும் என்று பார்ப்பதைவிட, வந்தால் எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டியிருக்கும் என்று பாருங்கள். 3.3 பதிப்பில் பக்கப் பதிவுகளின் இணைப்பு, வகை, விளக்கம் போன்ற தனித்தனிப் புலங்கள் (தகவல் கட்டங்கள்) நீக்கப்பட்டு எல்லாம் 'அட்டாச்மென்ட்ஸ்' என்ற ஒன்றுக்குள் போயின. பழையபடி கேட்டால் பிழை எண் 12 வரும். (அந்தப் பிழைச் செய்தியில் அட்டாச்மென்ட் என்ற சொல்லுக்கே எழுத்துப் பிழை இருக்கும். தேடுவதற்கு அது எனக்கு மிகவும் உதவியது.) அந்தப் புலங்களின் பெயர்களை நான் பதினொரு கோப்புகளில் இறைத்து வைத்திருந்தேன். திருத்த நான்கு நாள் ஆனது. அன்றே முடிவு செய்தேன்: வெளியார் சொல் திண்ணையோடு நிற்க வேண்டும், வீட்டுக்குள் வரக்கூடாது. இப்போது ஃபேஸ்புக்கோடு பேசுவது ஒரே ஒரு கோப்பு. அவர்கள் கொடுப்பதை அது என்னுடைய சொற்களுக்கு மாற்றித் தரும். உங்களுக்கென்றால் சேலை, விலை, கேள்வி, கேட்டவர். மற்ற நிரலுக்கு ஃபேஸ்புக் என்ற பெயரே தெரியாது. 7.0 வந்தபோது பக்க நிர்வாகத்துக்கான பழைய அனுமதிகள் பலவாகப் பிரிந்தனவே, அதற்கு ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது. ஃபேஸ்புக்கின் அனுமதி மறுஆய்வுக்குக் காத்திருந்த நாட்கள் வேறு கணக்கு. அதை எந்தக் கோப்பும் குறைக்காது.

பிழையே வராத மாற்றம்தான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. 2018-இல் ஒரு கட்டுப்பாடு வந்தது: பின்னூட்டம் இட்டவர் யார் என்பது பக்கத்தின் டோக்கனோடு (செயலிக்கு ஃபேஸ்புக் தரும் நுழைவுச் சீட்டு) கேட்டால்தான் தெரியும். நான் நிர்வாகியின் டோக்கனோடு கேட்டுக்கொண்டிருந்தேன். கேள்விகள் வந்தன, பெயர்கள் வரவில்லை. லாகில் ஒரு சிவப்பு வரிகூட இல்லை. என் சோதனைகள் எல்லாம் பச்சை, ஏனென்றால் நான் முன்பு சேமித்து வைத்த பழைய பதில்களோடுதான் அவை பேசிக்கொண்டிருந்தன.

அதன் பிறகு தினமும் காலை ஆறு மணிக்கு என் சர்வர் ஒரு வேலை செய்கிறது. சோதனைக்கென வைத்திருக்கும் பக்கத்தில், வெளியே தெரியாத பதிவாக ஒன்றை இடுகிறது. அதைத் திரும்பப் படிக்கிறது. எனக்குத் தேவையான ஒவ்வொரு புலமும் வந்திருக்கிறதா, வெறுமையாக வந்திருக்கிறதா என்று சரிபார்க்கிறது. பிறகு அழித்துவிடுகிறது. பிசகினால் என் கைப்பேசி ஒலிக்கும். உங்கள் தீபாவளிச் சிக்கலும் இதில் அன்று காலையே மாட்டியிருக்கும்.

டோக்கன் பற்றி ஒன்று. பிழை எண் 190 வந்தால் மீண்டும் மீண்டும் முயலாதீர்கள், எத்தனை முறை தட்டினாலும் அந்தக் கதவு திறக்காது. அந்தப் பிழையோடு வரும் துணை எண்ணைப் படியுங்கள். 460 என்றால் கடைக்காரர் கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறார். "மீண்டும் ஒரு முறை உள்நுழையுங்கள்" என்று அவருக்கே தமிழில் செய்தி போகட்டும்.

நெய்தல் எழுதியது:

வைகைக்கரை அம்மா சொல்வது சரி, ஆனால் அது மட்டும் போதாது. ட்விட்டர் 2023 பிப்ரவரியில் இலவச அணுகலை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது, ஒரு வாரம்தான் அவகாசம் சொன்னார்கள். பிறகு தள்ளிப்போனது வேறு விஷயம். கதவே மூடினால் திண்ணையால் என்ன பயன்? பன்னிரண்டு கடைகளுக்கும் சொந்தமாக ஒரு இணையப் பக்கம் போடுங்கள். படங்கள் முதலில் அங்கே ஏறட்டும். ஃபேஸ்புக் அதன் நகலாக இருக்கட்டும்.

வைகைக்கரை எழுதியது:

நெய்தல், முழுமையாக ஏற்கிறேன், இதை நானே சொல்லியிருக்க வேண்டும். தம்பிக்கு அது எளிதும்கூட. இன்ஸ்டாகிராமுக்குப் படத்தை அனுப்ப, அது பொது முகவரி ஒன்றில் இருக்க வேண்டும். அங்கிருந்துதான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஆக, சேலைப் படங்கள் ஏற்கெனவே உங்கள் சர்வரில் இருக்கின்றன. மேலே ஒரு பக்கம் எழுதுவதுதான் பாக்கி. ஆனால் வாங்குகிறவர்கள் கேள்வி கேட்பது ஃபேஸ்புக்கில்தான். அதை விட்டுவிட்டு வரச் சொல்ல எனக்கு மனம் வராது.

சுங்குடிக்காரன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மின்மினி, பார்த்துவிட்டேன்: ஆறு இடங்களில் பதிப்பு எண் இல்லை, இரண்டில் எப்போதோ காலாவதியான எண். எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தேன்.

அக்கா, உங்கள் காலைச் சோதனையை நேற்று எழுதினேன். முதல் நாளே ஒன்று பிடிபட்டது. ஒரு கடையின் டோக்கன் பதினேழு நாளாக 190 சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. என் நிரல் அதைப் பிழையாக எண்ணாமல் 'கேள்வி எதுவும் இல்லை' என்று காட்டியிருக்கிறது. கடைக்காரரும் வியாபாரம் மந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். மாலையில் நேரில் போய் உட்கார்ந்து மீண்டும் உள்நுழைய வைத்தேன். நாற்பத்திரண்டு கேள்விகள் வந்து விழுந்தன. இரவு ஒன்பது மணிக்கு நான் கிளம்பும்போது அவரும் அவர் மகளும் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

சொந்தப் பக்கத்தை ஆடிக்குள் முடித்துவிடுவேன்.