டிஃப்யூஸ் கிளையோமா: பரவியதா, விரவியதா?

அன்புள்ள குழுவினருக்கு,
ஒப்புதல் படிவம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். குழந்தைகளின் மூளைத்தண்டில், பான்ஸ் பகுதியில் வரும் டிஃப்யூஸ் கிளையோமா என்ற புற்றுக்கட்டிக்கான பன்னாட்டுப் பதிவேடு அது. ஒரே நாட்டில் போதிய நோயாளிகள் கிடைக்காத அரிய நோய் என்பதால் ஸ்கேன் படங்களையும் திசுவையும் பல நாடுகள் ஒன்றாகச் சேர்க்கின்றன. 'டிஃப்யூஸ்' என்பதற்குப் 'பரவிய' என்று போட்டு வீட்டில் படித்துக் காட்டினேன். "உடம்பு பூரா பரவிடுச்சா?" என்றார்கள். வேறு சொல் உண்டா?

*

'பரவிய' கூடவே கூடாது. வேறு உறுப்புக்குத் தாவிய புற்றுக்கு என்றோ போய்விட்ட சொல் அது. இங்கே புற்றணுக்கள் நல்ல அணுக்களுக்கு நடுவே கலந்து கிடக்கின்றன. இதுவரை கட்டி, இதற்கப்பால் மூளை என்று கோடு கிழிக்க முடியாது. இதற்கென்றே தமிழில் 'விரவுதல்' இருக்கிறதே! இருதிணைக்கும் பொதுவானது விரவுப்பெயர். 'தாய்' என்றால் பெண்ணா பசுவா? வந்தாளா வந்ததா என்று வினையைப் பார்த்துத்தான் பிரிக்கிறோம். நோயியலாளரும் மாறிப்போன எச்3 ஹிஸ்டோன் புரதத்துக்குச் சாயமேற்றித்தான் புற்றணுவைப் பிரித்தறிகிறார். என் பரிந்துரை: விரவிய பசையப்புற்று.

*

இலக்கணம் அழகு, ஐயா. ஆனால் பிள்ளைக்கு என்ன நோய் என்று நேற்றுத்தான் கேள்விப்பட்ட தாய்க்கு விரவுப்பெயர் நினைவுக்கு வருமா? 'ஊடுருவிய' போதும்.

*

'ஊடுருவிய' என்பது இன்ஃபில்ட்ரேட்டிவ். இரண்டுக்கும் ஒரே சொல்லா? அது கிடக்கட்டும், 'பசைய' எப்படி உள்ளே வந்தது? கிரேக்கத்தில் கிளையா என்றால் பசை. மூளையில் நரம்பணுக்களைச் சூழ்ந்திருக்கும் கிளையா அணுக்கள் நரம்பை ஒட்டும் சாந்து என்று எண்ணி 1856இல் ஜெர்மன் மருத்துவர் விர்ச்சோ வைத்த பெயர். அவை வெறும் சாந்தல்ல என்று இன்று தெரியும். அவர் நினைப்பை நாம் எதற்கு மொழிபெயர்க்க வேண்டும்?

*

பழைய பசையை இப்போது எதற்குக் கிளறுகிறீர்கள்? உலகச் சுகாதார நிறுவனமே 2016இல் இதன் பெயரை 'டிஃப்யூஸ் மிட்லைன் கிளையோமா, எச்3 கே27எம்-மியூட்டன்ட்' ஆக்கியது. (எச்3 கே27எம் என்பது அந்த ஹிஸ்டோன் புரதத்தில் நேரும் மாற்றம்.) 2021இல் 'மியூட்டன்ட்' (பிறழ்வுற்ற) போய் 'ஆல்ட்டர்டு' (மாறிய) வந்தது. இரண்டு முறையும் 'டிஃப்யூஸ்' அசையவே இல்லை. அதை மட்டும் முடிவு செய்யுங்கள். என் வாக்கு 'விரவிய'.

*

அனைவருக்கும் நன்றி. தலைப்பில் 'விரவிய கிளையோமா'. அடுத்த வரியிலேயே, 'நல்ல அணுக்களோடு கலந்து வளர்வது. வேறு உறுப்புக்குப் பரவியது என்று பொருளல்ல' என்று சேர்த்துவிட்டேன். வீட்டில் மறுபடி படித்தேன். "கலந்திருந்தா எப்படி வெட்டி எடுப்பாங்க?" என்று கேட்டார்கள்.

*

சரி, 'கலந்து' என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்புறம் தலைப்பில் 'விரவிய' எதற்கு? என் மறுப்பைக் குறித்துக்கொள்ளவும்.