எண்ணெய் கருகும் வாசம்: உங்கள் வண்டியில் எங்கிருந்து வந்தது?

ஊதியூர்க்காரன்

காங்கேயம் தாண்டித் தாராபுரம் சாலையில் போகும்போது வண்டிக்குள் எண்ணெய் கருகும் வாசம். முன் சீட்டில் மாமனார். "இந்தப் பக்கம் முழுக்க எண்ணெய் மில்தானே மாப்பிள்ளை, கொப்பரைக் களத்து வாசம் அது" என்று முடித்துவிட்டார். காங்கேயத்திலேயே பிறந்து வளர்ந்தவரிடம் அதற்கு மேல் என்ன பேசுவது? ஆனால் ஊதியூர் மலையைக் கடந்த பிறகும் வாசம் கூடவே வந்தது. வேகமாகப் போனால் குறைகிறது, வேகத்தடையில் மெதுவானால் குப்பென்று ஏறுகிறது. எந்த மில் காரைத் துரத்திக்கொண்டு வரும்?

தாராபுரத்தில் ஒரு மெக்கானிக் பானட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டபடியே டேப்பட் கவரின் (இன்ஜினின் மேல் மூடி) பின் ஓரத்தில் டார்ச் அடித்தார். விளிம்பில் ஒரு சொட்டு திரண்டது. சிறிது நேரம் தொங்கியது. பிறகு நேராக, சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் விழுந்து, தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் போலச் 'சுர்' என்று காணாமல் போனது. நூல் மாதிரி ஒரு புகை, அவ்வளவுதான். வண்டிக்குள் நாங்கள் முகர்ந்ததெல்லாம் அந்தச் சொட்டுதான். அந்த மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ரப்பர் பேக்கிங்கைக் கழற்றினால் விறைத்துப்போய்க் கையில் ஒடிகிறது. புதிது போட்டார், வாசம் நின்றது. மாமனார் இன்றுவரை மில் என்றுதான் சொல்கிறார்.

பொள்ளாச்சி அம்மிணி

ஆயில் மாற்றிய மறுநாள் வால்பாறைக்குக் கிளம்பினோம். ஆழியாறு சோதனைச்சாவடியில் நிற்கும்போது இதே வாசம். சர்வீஸ் செய்த இடத்துக்குப் போன் செய்தால், "சிந்திய ஆயில் சூட்டில் எரியும் மேடம், ஓட ஓடச் சரியாகிவிடும்" என்றார்கள். அது பொய்யில்லை, அப்படியும் நடக்கும். ஆனால் சிந்தியது தீர்ந்துபோகுமே தவிர, தரையில் புதிதாகச் சொட்டாது. எங்கள் வண்டிக்குக் கீழே தேன் நிறத்தில் ஆயில் பரவிக்கொண்டிருந்தது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கைத் துடைத்து விட்டுப் பார்த்தால், கீழ்க்கோட்டுக்கும் கீழே. முன்னால் 40 கொண்டை ஊசி வளைவுகள். "மெதுவாக ஏறிவிடலாம்" என்றார் என் கணவர். நான் இறங்கிப் போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன்.

வண்டியைக் கட்டி இழுத்துத்தான் பொள்ளாச்சிக்குக் கொண்டுவந்தோம். பழைய ஆயில் ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக்கூடப் பார்க்காமல் அதன் மேலேயே புது ஃபில்டரை முறுக்கியிருக்கிறார்கள். அந்த வளையத்தை டேஷ்போர்டு பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன். அடுத்த சர்வீஸில் அவர்கள் கண்ணில் படட்டும்.

பண்ணாரி

ஊதியூர்க்காரரே, பேக்கிங் மாற்றியதோடு கதை முடிந்தது என்று நம்பிவிடாதீர்கள். எனக்கும் அதைத்தான் மாற்றினார்கள். கொஞ்ச நாளில் அதே இடத்தில் மறுபடி ஈரம். கோபியில் ஒரு பெரியவர் பிசிவி வால்வைக் கழற்றி என் காதருகே ஆட்டிக் காட்டினார். சத்தமே இல்லை. புதியதை ஆட்டினார், கலகலத்தது. "இன்ஜின் மூச்சு விடுகிற வழி தம்பி இது. இதை அடைத்துவிட்டால் உள்ளே சேரும் அழுத்தம் ஆயிலைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வரத்தானே செய்யும்?" என்றார். அந்தச் சின்ன வால்வுக்காக ஒரு பேக்கிங் செலவு தண்டம்.

திருச்செங்கோடு ரிக்

நான் போர்வெல் ரிக் வண்டிகளில் வேலை பார்ப்பவன். என் காரிலும் ஒருமுறை வந்தது. ஆயில் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கை விளக்கைப் போடும் ஆயில் பிரஷர் சுவிட்சில் கசிவு. மாற்றினேன். அதை விடுங்கள், இங்கே யாரும் அடிப்படையைச் சொல்லவில்லை.

முதலில் அது ஆயில்தானா என்று பாருங்கள். திம்பம் மலைப்பாதையின் 27 வளைவுகளில் இறங்கும்போது வருவது பெரும்பாலும் பிரேக் வாசம். கீழ் கியரில் இறங்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் வராமல் என்ன செய்யும்? ஏறும்போது பாதி கிளட்சில் நிறுத்தி நிறுத்திப் போனால் காகிதம் கருகிய வாசம். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் என்றால் வாசம் இனிப்பாக இருக்கும். இன்ஜின் ஆயில் கனமானது, தொண்டையில் போய் ஒட்டும். ஏசியை உள்காற்றுக்கு மாற்றியதும் குறைந்தால் வெளியிலிருந்து, பெரும்பாலும் பானட்டுக்கு அடியிலிருந்து வருகிறது.

சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் இன்ஜினுக்கு உள்ளே எரிகிறது என்று பொருள்: வால்வு சீல், பிஸ்டன் ரிங், டர்போ இருந்தால் அதையும் பாருங்கள். வாசம் மட்டும் வந்தால் வெளியே கசிந்து சூடான இடத்தில் விழுகிறது. ஈரம் தெரியும் இடமே கசியும் இடம் என்று நினைக்காதீர்கள். ஆயில் கீழே வழியும், ஓட்டத்தில் காற்று அதைப் பின்னால் தள்ளும். இன்ஜினை நன்றாகத் துடைத்துவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டி வந்து, எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் முன்னே எங்கே நனைந்திருக்கிறது என்று பாருங்கள். ஸ்பார்க் பிளக் குழிகளையும் விட்டுவிடாதீர்கள்.

டேப்பட் கவர் போல்ட்டை இறுக்கினால் கசிவு நிற்கும் என்று முறுக்குகிறார்கள். கவர் உட்காரும் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும், கவர் கோணிக்கொள்ளும். சிலிக்கான் பேஸ்ட்டை அப்புவது அதைவிட மோசம். உள்ளே பிதுங்கியது உதிர்ந்து ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும். இன்னொன்று: பானட்டின் ஓரத்தில் புகை அதிகமாக வந்தால் இன்ஜினை நிறுத்திவிட்டு எல்லோரும் இறங்குங்கள். தீ போலத் தெரிந்தால் பானட்டை அகலத் திறக்கவே திறக்காதீர்கள். காற்றுப் புகுந்தால் குபீரென்று எழும்.

பண்ணாரி

சிலிக்கான் கூடவே கூடாது என்பது சரியில்லை அண்ணா. சில இன்ஜின்களில் டைமிங் கவர் சேரும் மூலைகளில் அதை வைக்கச் சொல்லித் தயாரிப்பாளரே கையேட்டில் போட்டிருக்கிறார்.

திருச்செங்கோடு ரிக்

மூலையில் ஒரு பொட்டு வைக்கலாம். பூசி மெழுகக் கூடாது என்கிறேன்.

பொள்ளாச்சி அம்மிணி

ரிக் அண்ணா, இத்தனை சொன்னீர்கள், அந்தச் சுவிட்ச் கதையை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்களே. அது எங்கே இருக்கும்?

திருச்செங்கோடு ரிக்

பெரும்பாலும் ஆயில் ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் அம்மிணி. இன்ஜின் ஆறிய பிறகு ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள். சாக்கெட்டுக்குள் ஆயில் இருந்தால் சுவிட்ச் போய்விட்டது. இதில் கதை என்று ஒன்றும் இல்லை.