மறு: மோர்ஸ் கால அளவுக்கு ‘அலகு’ போதுமா, ‘மாத்திரை’ வேண்டுமா?

வணக்கம். எழுத்துகளைக் குறுகிய ஒலியாலும் (புள்ளி) நீண்ட ஒலியாலும் (கோடு) அனுப்பும் மோர்ஸ் குறியீட்டில் கால அளவை எந்தச் சொல்லால் குறிப்பது என்ற கேள்விக்குப் பதில் இது.

> புள்ளியின் நீளத்தை ‘அலகு’ என்றே சொல்லலாமே. கோடு 3 அலகு என்றால் யாருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் மீட்டரும் அலகு, வோல்ட்டும் அலகு. இங்கே அளப்பது ஒலி நீளும் நேரத்தை. அதற்கென்றே நம்மிடம் மாத்திரை இருக்கும்போது பொதுச்சொல் எதற்கு? புள்ளி 1 மாத்திரை, கோடு 3. ஓர் எழுத்துக்குள் ஒலிகளுக்கு நடுவே 1 மாத்திரை மௌனம். எழுத்திடை 3, சொல்லிடை 7.

ஆங்கிலச் சொல்லை மோர்சுக்கு மாற்றும் நிரல்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த மௌனத்தில்தான். டி, ஈ, ஏ என்று எழுதும் ‘டீ’யைப் பாருங்கள்:

−   ·   · −

3+3+1+3+5, ஆக 15 மாத்திரை. எழுத்திடையில் 3க்குப் பதில் 1 விட்டால் 11 மாத்திரையில் − · · − என்று ஒலிக்கும். அது எக்ஸ் என்ற ஒற்றை எழுத்து! புள்ளியும் கோடும் அப்படியேதான் இருக்கின்றன, சொல் மட்டும் போய்விட்டது. இன்னொரு பிழை: ஒவ்வொரு ஒலிக்குப் பின்னும் 1 மாத்திரை மௌனம் சேர்த்துவிட்டு, எழுத்து முடிந்ததும் மேலும் 3 சேர்ப்பது. மொத்தம் 4 ஆகிவிடும். அங்கே 2 சேர்த்தால் போதும்; சொல் முடிந்தால் அதற்கு மேல் 4.

> இலக்கணத்தில் மாத்திரை கண்ணிமைக்கும் நேரம், நிலையானது. மோர்சில் வேகத்தோடு மாறுகிறதே?

நல்ல கேள்வி. விரைந்து பேசினாலும் குறில் 1, நெடில் 2 என்றுதான் எண்ணுகிறோம். கணக்கில் நிற்பது விகிதம். மோர்சிலும் அதுவே. மில்லிநொடி வேண்டுமானால் 1200ஐ நிமிடத்துக்கு எத்தனை சொல் என்ற எண்ணால் வகுக்கவும்: 20 சொல்லுக்கு 60 மில்லிநொடி, 5 சொல்லுக்கு 240. வேகத்தைக் கணக்கிட ஒரு சொல்லுக்கு மாதிரியாக வைத்திருக்கும் ‘பாரிஸ்’ என்ற ஆங்கிலச் சொல் சொல்லிடையோடு சேர்த்துச் சரியாக 50 மாத்திரை. நிமிடத்தின் 60000 மில்லிநொடியை 50ஆல் வகுத்தால் அந்த 1200.

புள்ளியைக் குறில், கோட்டை நெடில் என்ற யோசனையை மட்டும் நான் ஏற்கமாட்டேன். நெடில் 2 மாத்திரை, கோடு 3. அளவில் அளபெடைதான் பொருந்தும், ஆனால் ‘புள்ளி, அளபெடை’ என்று யார் சொல்வார்கள்? புள்ளி, கோடு பழகிய சொற்கள், இருக்கட்டும்.

ஒன்று பாக்கி. பயிற்சிக்கு ஃபார்ன்ஸ்வொர்த் முறையில் எழுத்தை நிமிடத்துக்கு 18 சொல் வேகத்தில் ஒலித்து, எழுத்திடையையும் சொல்லிடையையும் மட்டும் நீட்டுவார்கள். அங்கே ஒலிக்கு ஒரு மாத்திரை, மௌனத்துக்கு வேறொன்று. அதற்கு ‘இடைமாத்திரை’ என்று முன்வைக்கிறேன். இதைவிடப் பொருந்தும் சொல் இருந்தால் எழுதுங்கள்.