போலராய்டு பிரிண்டிலிருந்து ஸ்லைடு: வீட்டில் செய்து பார்த்தவர்கள் வாருங்கள்

தொடங்கியவர், சென்னை

இருட்டாக வந்துவிட்ட போலராய்டு படங்களை என்ன செய்வது, குப்பையில்தான் போட வேண்டுமா என்று அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். வீட்டிலேயே ஸ்லைடு, அதாவது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கிற ஒளி ஊடுருவும் படம், செய்ய அதைவிட நல்ல சரக்கு கிடையாது. பளிச்சென்று, எல்லோரும் பாராட்டுகிற மாதிரி வந்த படம்தான் ஸ்லைடுக்கு ஆகாது.

காரணம் எளிது. பிரிண்டாகப் பார்க்கும்போது வெளிச்சம் முன்பக்கத்திலிருந்து சாயத்துக்குள் நுழைந்து, பின்னால் இருக்கும் வெள்ளையில் பட்டு, அதே சாயத்தின் வழியாகத் திரும்பி வந்து நம் கண்ணை அடைகிறது. சாயத்தை இரண்டு தடவை கடக்கிறது. வெள்ளையைக் கழுவிவிட்டு ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் ஒரே தடவைதான். அடர்த்தி ஏறக்குறைய பாதியாகிவிடும். பிரிண்டில் அளவாக இருந்த முகம் ஸ்லைடில் வெளிறிப்போய் நிற்கும். பிரிண்டில் கருங்கும்மென்று கிடந்த வேப்பமரமோ இலை இலையாகத் தெரியும். அதனால் இதற்கென்றே படம் எடுக்கிறவர்கள் கேமராவின் லைட்–டார்க் பட்டனை டார்க் பக்கம் நன்றாகத் தள்ளிவிட்டு எடுங்கள். பிரிண்ட் பார்க்கக் கண்றாவியாக இருக்க வேண்டும், அதுதான் கணக்கு.

அந்த வெள்ளை என்னவென்று தெரிந்தால் மற்றதெல்லாம் புரியும். அது டைட்டானியம் டை ஆக்சைடு, சுவர் பெயின்ட்டுக்கு வெண்மை தருகிற அதே பொருள். படத்தின் அடியில் இருக்கும் தடித்த வெள்ளை விளிம்புக்குள் ஒரு பை, அதற்குள் பசை. கேமரா படத்தைத் துப்பும்போது இரண்டு உருளைகள் பையை நசுக்கிப் பசையைத் தாள்களுக்கு நடுவே பரப்புகின்றன. படத்தை டெவலப் செய்யும் காரமும் (அல்கலி) பின்புல வெண்மையும் அந்த ஒரே பசையில்தான் இருக்கின்றன. சாயம் பின்தாளிலிருந்து புறப்பட்டுப் பசையைக் கடந்து முன்பக்க பிளாஸ்டிக்கின் உள்முகத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறது. நமக்கு வேண்டியது அந்த முன்தாள் மட்டும். பசையில் காரம் இருப்பதால் கையுறை போடாமல் தொடாதீர்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

நான் செய்யும் விதம் இது. கலர் படம் என்றால் கால் மணி நேரம் விட்டு முழுதாக வந்த பிறகு, அன்றைக்கே வேலையை முடித்துவிடுவேன். வாரக்கணக்கில் விட்டால் பசை காய்ந்து அடுக்குகள் ஒன்றோடொன்று இறுகிவிடும், பிரிக்கும்போது படம் பிய்ந்து வரும். வெள்ளைச் சட்டத்தை நான்கு பக்கமும் கத்தரியால் வெட்டிவிட வேண்டும். மூலையில் நகத்தை நுழைத்தால் இரண்டு தாளும் லேசாக வாய் திறக்கும். அப்போது அவசரமே கூடாது. முன்தாளை மேஜைமேல் படுக்கவைத்து, கறுப்புப் பின்தாளைத் தன்மேலேயே மடங்குகிற மாதிரி தாழ்வாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். மேல்நோக்கித் தூக்கினால் நடுவில் ஒரு கோடு விழும், அது பிறகு எதற்கும் போகாது. பிரிகிற இடத்தில் ஈரமான ஒரு மெல்லிய சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் எங்கோ காய்ந்திருக்கிறது என்று அர்த்தம், அங்கே நிறுத்தி வேறு மூலையிலிருந்து வாருங்கள்.

முன்தாளின் உள்பக்கம் இப்போது சுண்ணாம்பு பூசியது போல இருக்கும். அகலமான தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, அதில் படத்தைப் பசைப்பக்கம் மேலே இருக்குமாறு போட்டு, வாட்டர்கலர் பிரஷ்ஷால் வருடினால் போதும். தேய்க்கக் கூடாது. வெள்ளை மேகமாகக் கிளம்பித் தண்ணீரில் கரையும், தட்டின் அடிப்பக்கம் படம் வழியாகத் தெரிய ஆரம்பிக்கும். ஓரங்களில்தான் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும். தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றிவிட்டு, கிளிப்பில் மாட்டித் தொங்கவிடுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள், ஈரத்தில் ஒட்டும் தூசி உலர்ந்த பிறகு வராது.

இன்ஸ்டாக்ஸில் (ஃபியூஜியின் உடனடி ஃபிலிம்) செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம் என்பதுதான் என் பதில். அதன் அமைப்பே வேறு. போலராய்டில் நாம் பார்க்கும் பக்கம் வழியாகத்தான் ஒளி உள்ளே போகிறது, இன்ஸ்டாக்ஸில் பின்பக்கம் வழியாக. அதன் பசை வெள்ளையல்ல, கறுப்பு. வெள்ளை தயாரிப்பிலேயே ஒரு தனி அடுக்காகப் பூசப்பட்டு இறுகியிருக்கிறது, தண்ணீருக்கு அசையாது. சுரண்டப் போனால் படமும் சேர்ந்து போகும். விலை குறைவு என்று அதில் பழகிவிட்டுப் போலராய்டுக்கு வரலாம் என நினைப்பவர்கள் நேரே போலராய்டுக்கே வந்துவிடலாம்.

உங்கள் அனுபவங்களை எழுதுங்கள். வெற்றி மட்டும்தான் என்றில்லை.

உறுப்பினர், கோவை

அண்ணே, தண்ணீரின் சூடு பற்றி இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். மே மாதம் எங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மதியத்தில் குழாயைத் திறந்தால் கையைச் சுடும். அதைத்தான் பிடித்துத் தட்டில் ஊற்றினேன். வெள்ளை கரைந்ததெல்லாம் சரி. கொஞ்ச நேரத்தில் ஒரு மூலையில் படம் சுருக்கம் விட்டது, அப்புறம் பாலாடை மாதிரி மொத்தமாகப் பிளாஸ்டிக்கை விட்டுக் கிளம்பி மிதக்க ஆரம்பித்துவிட்டது. பிளாஸ்டிக் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம்.

அது நாசமில்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது. எமல்ஷன் லிஃப்ட் (எமல்ஷன் என்ற படமுள்ள மெல்லிய படலத்தைத் தனியே தூக்குவது) என்று இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். மிதக்கும் படத்துக்கு அடியில் கெட்டியான வாட்டர்கலர் பேப்பரை நுழைத்து, பிரஷ்ஷால் சுருக்கம் நீவி, அப்படியே தூக்கிவிட்டேன். என் மனைவிக்கு ஸ்லைடைவிட அதுதான் பிடித்திருக்கிறது, வரவேற்பறையில் மாட்டியாகிவிட்டது. ஆக, சூடு ஏறினால் லிஃப்ட், வெதுவெதுப்போடு நிறுத்தினால் ஸ்லைடு.

இன்னொன்று. எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. உலர்ந்ததும் ஸ்லைடு முழுக்க வெள்ளைப் புள்ளி. கடைசி அலசலுக்கு இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரிக் கடையில் கிடைக்கும்.

தொடங்கியவர்

பேட்டரித் தண்ணீர் யோசனை அருமை. நான் ஆர்.ஓ. தண்ணீரில் ஓட்டிக்கொண்டிருந்தேன், இனி மாற்றிக்கொள்கிறேன்.

உறுப்பினர், மதுரை

பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் ஸ்லைடு என்றாலே வெளியே கொடுத்துக் கழுவி வாங்க வேண்டும். அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கப் போலராய்டு நிறுவனமே 1983-இல் போலாக்ரோம் என்று 35 மி.மீ. உடனடி ஸ்லைடு ஃபிலிம் விட்டது. கேமராவிலிருந்து எடுத்து ஒரு சிறு பெட்டியில் போட்டுச் சுற்றினால் சில நிமிடங்களில் ஸ்லைடு. உற்றுப் பார்த்தால் கோடுகோடாகத் தெரியும், கொஞ்சம் இருட்டாகவும் இருக்கும். ஆகவே நீங்கள் எல்லோரும் செய்வது கிறுக்குத்தனமில்லை, கம்பெனிக்கே வந்த ஆசைதான்.

நான் சொல்ல வந்தது திரையிடுவது பற்றி. போலராய்டு படம் எட்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான சதுரம். சாதாரண ஸ்லைடு புரொஜெக்டரில் நுழையாது. ஆனால் ஓ.ஹெச்.பி., அதாவது கண்ணாடிமேல் தாளை வைத்துச் சுவரில் காட்டுகிற ஓவர்ஹெட் புரொஜெக்டர், இருக்கிறதே! கல்லூரிகளில் இப்போது யாரும் தொடுவதில்லை, பழைய சாமான் கடைகளில் சீந்துவார் இல்லாமல் கிடக்கிறது. கறுப்பு சார்ட் பேப்பரில் படத்தின் அளவுக்குச் சதுரமாக வெட்டி, மேல்கண்ணாடி முழுவதையும் அதால் மூடிவிட்டு, நடுத் துளையில் ஸ்லைடை வையுங்கள். மூடாவிட்டால் சுற்றியிருக்கும் வெள்ளை வெளிச்சத்தில் படம் செத்துவிடும். என் பேத்தியின் பிறந்தநாளன்று ஹால் சுவரில் ஆள் உயரத்துக்கு அடித்துக் காட்டினேன். நிழல் பகுதிகளில் நீலமும் பச்சையும் அப்படி ஒரு கனத்தோடு வருகின்றன, டிவியில் அதைப் பார்க்க முடியாது. நெடுநேரம் விட்டுவைக்காதீர்கள், விளக்கின் சூடு எமல்ஷனுக்கு ஆகாது.

உறுப்பினர், தஞ்சாவூர்

ஸ்டுடியோக்காரன். நான் செய்தது இதற்கு அண்ணன் தம்பி முறை. பாஸ்போர்ட் படத்துக்காக வைத்திருந்த உரிக்கிற ஃபிலிம், ஃபியூஜி எஃப்.பி.-100சி. 2016-இல் நிறுத்திவிட்டார்கள். கடைசி சில பாக்கெட்டை ஃபிரிட்ஜில் ஒளித்து வைத்திருந்தேன். அதில் பிரிண்டை உரித்த பிறகு எல்லோரும் தூக்கிப் போடுகிற கறுப்புத் தாளில்தான் விஷயம் இருக்கிறது. படமுள்ள பக்கம் கீழே இருக்கும்படி கண்ணாடியில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, முதுகில் மட்டும் குளோரின் பிளீச் தடவினால் கறுப்பு கரைந்து வழிந்துவிடும். கழுவிப் பார்த்தால் அசல் கலர் நெகட்டிவ். டேப்பில் ஒரு இடைவெளி இருந்தாலும் பிளீச் உள்ளே போய்ப் படத்தைத் தின்றுவிடும்.

பிளீச் பாட்டிலுக்குப் பக்கத்தில் பாத்ரூம் ஆசிட் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் வருவது குளோரின் வாயு. கதவு ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் வேலை.

உறுப்பினர், டொராண்டோ

வணக்கம் அண்ணா. உங்களுக்கு வெயில், எங்களுக்குக் குளிர். போலராய்டுக்கு 13-லிருந்து 28 டிகிரிக்குள்தான் ஒத்து வரும். ஜனவரியில் வெளியே எடுத்த படங்கள் எல்லாம் வெளிறி நீலம் பாய்ந்து வந்தன, ஸ்லைடாக்கினால் ஒன்றுமே மிஞ்சாது. இப்போது எடுத்த உடனே கோட்டின் உள்பைக்குள் வைத்துக்கொள்கிறேன், உடம்புச் சூட்டில் நன்றாக வருகிறது.

ஸ்லைடை வைத்து சயனோடைப் (வெயிலில் வைத்து நீலப் படம் எடுக்கிற பழைய முறை) போட்டுப் பார்த்தேன். என் அம்மம்மாவின் படம். நீலத் தாளில் தலைமுடி வெள்ளை, முகம் நீலமாக வந்தது! ஸ்லைடு பாசிட்டிவ், சயனோடைப்போ வெளிச்சம் பட்ட இடத்தை நீலமாக்குவது. அதனால் எல்லாம் தலைகீழ். மரம், இலை என்றால் அது வடிவாகத்தான் இருக்கிறது, ஆட்களின் முகத்துக்குச் சரிவராது. தஞ்சாவூர் அண்ணா சொல்கிற நெகட்டிவ் கிடைத்தால் நேராக வரும் என்று நினைக்கிறேன்.

உறுப்பினர், திருச்சி

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன் சார். எங்கள் வீட்டில் பெரியப்பா சவூதியிலிருந்து வந்தபோது எடுத்த பழைய போலராய்டு ஒன்று இருக்கிறது. தாத்தா இருக்கிற ஒரே கலர் படம். கொஞ்சம் இருட்டாகத்தான் இருக்கிறது. நீங்கள் சொன்னபடி ஸ்லைடாக்கினால் முகம் தெளியுமா?

தொடங்கியவர்

வேண்டாம் தம்பி. அதில் கத்தரி படவே கூடாது. அத்தனை வருடத்துப் பசை கல்லாகியிருக்கும், பிரித்தால் தாத்தாவின் முகம் பாதி அந்தத் தாளிலும் பாதி இந்தத் தாளிலும் போகும். நெகட்டிவ் இல்லாத படம், போனால் போனதுதான். நல்ல ஸ்கேனர் உள்ள கடையில் உங்கள் கண்ணெதிரிலேயே ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். 1200 டி.பி.ஐ., டிஃப் கோப்பு. இருட்டுப் பகுதியைக் கணினியில் தூக்கிக்கொள்ளலாம், கொஞ்சமாவது தெளியும். பிரிண்டைப் பிளாஸ்டிக் கவரில் போடாமல் காகித உறையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பீரோவில் வையுங்கள். படத்திலுள்ள ஜெலட்டினுக்குப் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும்.

ஸ்லைடு செய்யக் கை பரபரத்தால் இரவல் கேமராவில் ஒரு பாக்கெட் எடுங்கள். எட்டுப் படம் இருக்கும், டார்க் பக்கம் தள்ளி எடுக்க மறக்காதீர்கள்.