இறங்கியது இன்ஜின் ஆயில் இல்லை! வீட்டிலேயே ஆயில் மாற்றிய வண்டிகளில் பார்த்தவை – அனுபவப் பகிர்வுத் திரி (ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

ரிங் ஸ்பேனர்

கயிறு கட்டி இழுத்து வந்த ஒரு ஸ்விஃப்ட் பெட்ரோல். முந்தின நாள் வீட்டு வாசலில் முதல் தடவையாக ஆயில் மாற்றப்பட்ட வண்டி. டிப்ஸ்டிக்கை (ஆயில் மட்டம் காட்டும் கம்பி) உருவினால் மேல் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் உயரத்துக்கு ஆயில், அதுவும் நுரை நுரையாக. அடியில் படுத்துப் பார்த்தால் காரணம் தெரிந்துவிட்டது. சேம்பர் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) போல்ட்டில் பழைய மண் அப்படியே ஒட்டியிருக்கிறது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. ஒரு முழம் தள்ளி கியர்பாக்ஸின் டிரெய்ன் போல்ட் (ஆயிலை இறக்கும் போல்ட்) மட்டும் துடைத்து வைத்ததுபோல் பளபளவென்று இருக்கிறது.

கியர் ஆயில் முழுக்க இறங்கிவிட்டது. பழைய இன்ஜின் ஆயில் 3 லிட்டர் உள்ளேயே இருக்க, அதன் மேல் புதுசு இன்னொரு 3 லிட்டர். கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) அந்த ஆயிலுக்குள் முங்கி அடித்துக் கடைந்தால் நுரைதான் வரும். நுரையை பம்ப் இழுத்தால் பிரஷர் நிற்காது. மிஞ்சியது மூச்சுக்குழாய் வழியாக மேலே ஏறி எரிந்து நீலப் புகையாகப் போகும். இந்த நிலைமையில் கயிறு கட்டி இழுத்ததும் தப்பு. முன் சக்கரம் உருண்டால், நியூட்ரலில் இருந்தாலும், காய்ந்த கியர்பாக்ஸுக்குள் பல்சக்கரம் சுற்றும்.

முதல் தடவை படுக்கிறவர்களுக்கு அடையாளம்: இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் போகிற ஆக்ஸில் எந்தக் கூட்டிலிருந்து வெளியே வருகிறதோ அது கியர்பாக்ஸ். ஆயில் ஃபில்டர் எதில் உட்கார்ந்திருக்கிறதோ அது இன்ஜின். இறங்குகிற ஆயிலைப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். இன்ஜின் ஆயில் கறுப்பாக, நீர்த்து ஓடும். கியர் ஆயில் தேன் நிறத்தில், கந்தக வாடையோடு மூக்கைப் பிடிக்கும். கடைசியாக ஒன்று. ஆயில் வடிந்து முடிந்ததும், புதுசு ஊற்றுவதற்கு முன்னால் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு ஒரு முறை உருவுங்கள். நுனி காய்ந்திருக்க வேண்டும். அதில் இன்னும் 'ஃபுல்' காட்டினால் கேனைத் திறக்கவே திறக்காதீர்கள்.

பனியன் வேஸ்ட்

நல்ல பதிவு. நான் சொல்லப்போவது ஃபில்டர் விஷயம். போல்ட், வாஷர், ஆயில் அளவு எல்லாம் சரியாகவே செய்த வண்டி. ஸ்டார்ட் போட்டதும் ஆயில் லைட் அணைந்தது. பத்து எண்ணுவதற்குள் ஃபில்டர் பக்கமிருந்து விசிறி மாதிரி ஆயில் பீய்ச்சி அடித்து, தரையெல்லாம் புது ஆயில்.

ஃபில்டரைக் கழற்றினால் ரப்பர் வளையம் இரண்டு! பழைய ஃபில்டரைத் திருகி எடுத்தபோது அதன் வளையம் மட்டும் இன்ஜின் முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அதன் மேலேயே புது ஃபில்டர். கையால் இறுக்கும்போது வித்தியாசம் தெரியவே தெரியாது. குளிர்ந்த இன்ஜினில் ஸ்டார்ட் ஆனவுடன் மூன்று நான்கு பார் பிரஷர் வரும். ரப்பர் மேல் ரப்பர் அதைத் தாங்காமல் வழுக்கிப் பிதுங்கிவிடும். இரண்டு நிமிஷம் ஓடவிட்டால் சேம்பரே காலி.

அதனால் பழைய ஃபில்டரைக் கழற்றினதும் முதல் வேலை, அதைத் திருப்பி வளையம் அதோடு வந்திருக்கிறதா என்று பார்ப்பது. பிறகு இன்ஜின் முகத்தைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்து, விரலால் சுற்றிலும் ஒரு தடவு. கறுப்பு ரப்பர், கறுப்பு அழுக்கு, கண்ணுக்குத் தப்பும். விரலுக்குத் தப்பாது. டிரெய்ன் போல்ட் வாஷரும் இப்படியே சேம்பரில் ஒட்டி நிற்கும், அங்கேயும் பாருங்கள்.

சேலம் ரோடு

ரெண்டு வளையம் எப்பவோ ஒரு தடவை நடக்கிறது. பாதி லீக்கேஜ் ஃபில்டரைச் சரியா இறுக்காததாலதான் வருது. கையால மட்டும் இறுக்கினா வண்டி குலுங்கிக் குலுங்கிக் கழண்டுடும். பெல்ட் ரெஞ்ச் போட்டு கடைசியா அரைச் சுற்று கொடுத்துடுங்க, அப்புறம் கவலையே இல்லை.

பனியன் வேஸ்ட்

சேலம் ரோடு சார், தயவுசெய்து இதைப் புதியவர்களிடம் சொல்ல வேண்டாம். ரெஞ்ச் கழற்றுவதற்கு மட்டும். வளையத்தில் புது ஆயிலை விரலால் தடவி, ஃபில்டரைத் திருகி, ரப்பர் முகத்தைத் தொடுகிற இடத்தை முதல் புள்ளியாக வைத்து, அங்கிருந்து முக்கால் சுற்று. பல ஃபில்டர்களின் மேலேயே 1, 2, 3, 4 என்று எண் அடித்திருக்கும். தொட்டபோது 1 உங்களைப் பார்த்து நின்றால், 2, 3 தாண்டி 4 உங்களைப் பார்த்து நிற்கும் வரை திருப்பினால் அதுதான் முக்கால் சுற்று. உலர்ந்த கையுறை போட்ட கைக்கு அந்த அளவு பலம் போதும். ஓட்டத்தில் கழண்டதாகச் சொல்கிறீர்களே, அப்படிக் கழண்டு வந்த ஃபில்டர்களில் வளையத்துக்கு ஆயில் தடவியே இருக்காது. உலர்ந்த ரப்பர் முறுக்கிப் பிடித்துக்கொண்டு, இறுகியதுபோல் கைக்குப் பொய் காட்டும்.

அதிகமாக இறுக்கினால் அடுத்த வருஷம் கழற்றுகிறவர் ஸ்க்ரூடிரைவரைக் குத்தித் திருப்பப் பார்ப்பார். தகரம் கிழியும், ஃபில்டர் மட்டும் அங்கேயே நிற்கும்.

பழைய லேத்

இறுக்குவது பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் பதிகிறேன். சேம்பரே மாற்ற வேண்டியிருந்த ஒரு வண்டி. அலுமினிய சேம்பர். டிரெய்ன் போல்ட்டை வெளியே எடுத்தால், அதன் மரையில் வெள்ளி நிறத்தில் ஸ்பிரிங் சுற்றினதுபோல் ஒரு கம்பி. உற்றுப் பார்த்தால் அது சேம்பரின் மரையேதான். முழுசாக உரிந்து போல்ட்டோடு வந்திருக்கிறது.

இரும்பு போல்ட், அலுமினியத் துளை. தோற்பது எப்போதும் அலுமினியம்தான். சின்ன பெட்ரோல் கார்களில் 14 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள டிரெய்ன் போல்ட்டுக்கு 35 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இறுக்கம் சொல்லப்படுகிறது. உங்கள் வண்டிக்கான எண்ணை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். 20 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் சுமார் 18 கிலோ அளவுக்கு இழுத்தால் அந்த 35 வந்துவிடும். அதே கை பலத்தை 60 சென்டிமீட்டர் பைப் செருகிக் கொடுத்தால் 105. மூன்று மடங்கு! கழற்றும்போது பைப் செருகலாம், இறுக்கும்போது அதை எட்டாத தூரத்தில் வையுங்கள்.

மரை போவதற்கு இன்னொரு வழி, கோணலாக ஏற்றுவது. முதல் நாலைந்து சுற்று விரலால் மட்டும்தான். நடுவில் பிடித்தால் வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி ஏற்றுங்கள். வாஷர் ஒவ்வொரு தடவையும் புதுசு. செம்போ அலுமினியமோ, அது நசுங்கித்தான் அடைக்கிறது. ஏற்கெனவே நசுங்கியதைப் போட்டால் சொட்டும். சொட்டுகிறதே என்று இன்னும் இறுக்குவார்கள். மரை போவது அங்கேதான்.

அடிமட்டம்

ஆயில் பற்றி நிறைய எழுதிவிட்டீர்கள், உயிர் பற்றி யாரும் எழுதவில்லை. தெருவோரத்தில் ஒரு வண்டி, வண்டியோடு வந்த ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கிறது. அடியில் இரண்டு கால் தெரிகிறது. ஸ்பேனரை வேகமாக இழுத்த ஒவ்வொரு முறையும் வண்டி ஆடியது. அந்த ஆட்டம் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

டிக்கியில் இருக்கும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும். அடியில் போவதென்றால் இரண்டு ஸ்டாண்ட் அல்லது ரேம்ப் வேண்டும். தரை சிமெண்டாக இருக்க வேண்டும், மண் தரையும் வெயிலில் இளகின தார் ரோடும் கூடாது. பின் சக்கரத்துக்குக் கட்டை, ஹேண்ட்பிரேக், முதல் கியர். ஸ்டாண்டில் இறக்கியபின் வண்டியைப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். அசையாமல் நின்றால்தான் தலையை உள்ளே விட வேண்டும்.

கோவை டீசல்

ஒரு பிஎஸ் 6 டீசல். தானே ஆயில் மாற்றி, சரியாக மேல் கோட்டுக்குக் கீழே நிறுத்தியிருந்தார் அதன் சொந்தக்காரர். மூவாயிரம் கிலோமீட்டர் கழித்துப் பார்த்தால் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது. ஆயில் குறையும், கூடுமா? அதிகமாக ஊற்றிவிட்டோம் என்று பயந்து வந்திருந்தார். டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் டீசல் வாடை.

இதை எல்லா டீசல்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் கார்களில் பெரும்பாலும் சைலன்சர் பாதையில் டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்ததும் கரியை எரிக்க, கூடுதல் டீசலை வண்டியே பிந்தி அடிக்கும். இரண்டு கிலோமீட்டர் போய் வண்டியை அணைத்து, மறுபடி இரண்டு கிலோமீட்டர் என்று ஓடினால் எரிப்பு பாதியில் நிற்கும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலோடு கலக்கும். மட்டம் ஏறும், ஆயில் நீர்த்துப்போகும். கூடியதை மட்டும் உறிஞ்சி எடுத்தால் போதாது, முழுசாக மாற்றுங்கள். அவ்வப்போது வண்டியை ஹைவேயில் அரை மணி நேரம் ஒரே சீராக ஓட்டுங்கள்.

எந்த ஆயில் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிபிஎஃப் இருந்தால் கேனின் பின்பக்கம் ஏசிஇஏ (ஐரோப்பிய ஆயில் தரம்) சி2, சி3 போன்ற 'சி' வகை இருக்கிறதா என்று பாருங்கள். மேனுவல் எதைக் கேட்கிறதோ அது. இந்த வகையில் சாம்பல் குறைவு. கரியை எரித்து ஒழிக்கலாம், சாம்பல் எரியாது. அது வடிகட்டியிலேயே தங்கி ஒருநாள் அடைத்துவிடும். பெட்ரோலுக்கு ஏபிஐ (அமெரிக்க ஆயில் தரம்) எஸ்என் அல்லது 2020-ல் வந்த எஸ்பி. 5டபிள்யூ-30 என்றால் முதல் எண் குளிரில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதற்கு, கடைசி எண் இன்ஜின் சூட்டில் உள்ள கெட்டித்தன்மைக்கு. "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது" என்று 0டபிள்யூ-20 கேட்கிற இன்ஜினுக்கு 20டபிள்யூ-40 கொடுக்கிற கடைகள் உண்டு. வாங்காதீர்கள். வால்வ் நேரத்தை மாற்றுகிற விவிடி ஆயில் பிரஷரில் வேலை செய்கிறது, அதன் வழிகள் மிகச் சிறியவை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் கெட்டி ஆயில் மேலே போய்ச் சேர நேரமாகும், அதுவரை வால்வைத் திறக்கிற கேம்ஷாஃப்ட் காயும். கேன் வாங்கும்போது மூடியின் சீல் வளையம் முழுசாக இருக்க வேண்டும். காலியானதும் லேபிளைக் கிழித்து கேனில் ஓட்டை போடுங்கள், இல்லாவிட்டால் அதிலேயே கலப்பட ஆயில் நிரம்பிக் கடைக்குத் திரும்பி வரும்.

டீசலில் புது ஆயில் அன்றைக்கே கறுத்துவிட்டது என்று யாரும் பதற வேண்டாம். உள்ளே மிச்சமிருந்த கரி கலந்ததுதான்.

ரிங் ஸ்பேனர்

டீசல் அண்ணன் சொன்னது சரி. ஆனால் திரி புதியவர்களுக்கானது. அவர்கள் கை தவறுகிற முக்கிய இடம் ஊற்றும் அளவு. 3.5 லிட்டர் கேனை வாங்கி, மிச்சம் வைத்து என்ன செய்ய என்று முழுசும் ஊற்றிவிடுகிறார்கள். மேனுவலில் 'ஃபில்டரோடு' என்று போட்டிருக்கும் அளவைப் பார்த்து, அதில் அரை லிட்டர் குறைவாக ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், லைட் அணைந்தபின் அரை நிமிஷம். உடனே அடியில் டார்ச் அடித்துப் போல்ட்டையும் ஃபில்டரையும் பாருங்கள். அணைத்து ஐந்து நிமிஷம் விட்டு, வண்டி சமதளத்தில் நிற்கும்போது டிப்ஸ்டிக். மீதியை நூறு நூறு மில்லியாகச் சேர்த்து மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். ரேம்பிலேயே வைத்து அளந்தால் அளவு தப்பு.

சேலம் ரோடு

முக்கால் சுற்று விஷயம், சரி, ஏத்துக்கிறேன். ஆனா இதுக்கெல்லாம் அடியில படுக்கணும்னே அவசியமில்லை. டிப்ஸ்டிக் குழாய் வழியா பம்ப்ல உறிஞ்சிடலாமே?

பழைய லேத்

சில வண்டிகளில் உறிஞ்சலாம், மேலேயே கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் இருக்கிற இன்ஜினுக்கு வசதியும்கூட. ஆனால் குழாய் சேம்பரின் ஆழமான இடத்தைத் தொடாத வண்டியில் அரை லிட்டர் கசடு அடியிலேயே நிற்கும். டிரெய்ன் போல்ட்டைக் கழற்றினால் அதன் நுனியில் உலோகத் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கலாம். பம்ப் அதைக் காட்டாது.

வடிகால்

எல்லோரும் புது ஆயிலைப் பற்றியே எழுதுகிறீர்கள். இறங்கின 3 லிட்டர் எங்கே போகிறது? மழைநீர் வடிகால் ஓரத்தில் ஒரு கறுப்புத் தடம், அதன் முடிவில் தேங்கின தண்ணீர் முழுக்க வானவில் நிறத்தில் படலம். ஒரே ஒரு காரின் ஆயில் அது. இந்தியாவில் 2016-ம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் பயன்படுத்திய ஆயிலும் வருகிறது. குப்பையிலும் போடக்கூடாது, செடி ஓரத்திலும் ஊற்றக்கூடாது, கதவுக்கோ மரத்துக்கோ பூசவும் கூடாது.

ஒரு பழைய கேனை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். கூலன்ட், பெட்ரோல், தண்ணீர் எதையும் அதில் கலக்காதீர்கள், கலந்தால் சுத்திகரிக்க எடுக்கமாட்டார்கள். ஃபில்டரை ஒரு இரவு தலைகீழாகக் கவிழ்த்து வடித்தால் அதிலிருந்தும் கொஞ்சம் இறங்கும். பிறகு வேஸ்ட் ஆயில் பேரல் வைத்திருக்கிற ஒர்க்‌ஷாப்பில், அது மறுசுழற்சிக்குத்தான் போகிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். நைட்ரைல் கையுறை போடுங்கள், பழைய ஆயில் அடிக்கடி தோலில் பட்டுவந்தால் புற்றுநோய் வரும் அபாயம் உண்டு.

பனியன் வேஸ்ட்

ஒன்று விட்டுப்போனது. முதல் ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் இன்ஜின் ஆறினதும் ஒரு வெள்ளை டிஷ்யூவை டிரெய்ன் போல்ட்டைச் சுற்றி ஒற்றுங்கள், அடுத்தது ஃபில்டரின் அடி விளிம்பில். தேன் நிறத்தில் கறை வந்தால் புது ஆயில் கசிகிறது. கறுப்பாக வந்தால் முன்னாடி சிந்தினதாக இருக்கலாம் (டீசலில் புது ஆயிலும் கறுத்திருக்கும்), துடைத்துவிட்டு மறுநாள் இன்னொரு டிஷ்யூ.