‘பைல்-ஆன்’: தமிழில் என்ன சொல்லலாம்?

நாகர்கோவிலிலிருந்து, ஞாயிறு இரவு

நண்பர்களுக்கு வணக்கம்.

சமூக ஊடக வசை பற்றிய நம் சொற்பட்டியலில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. மட்டுறுத்தல் (‘மாடரேஷன்’) இருபது வருடமாக இணையத்தில் புழங்குகிற சொல், அதைத் தொட வேண்டாம். ‘ரிப்போர்ட்’ பொத்தானுக்கு முறையீடு என்று எழுதியிருக்கிறோம். என் மனசுக்கு நம்மூர் ஆவலாதிதான் பிடித்திருக்கிறது, ஆனால் வாக்கெடுப்பில் தோற்றுவிட்டேன், போகட்டும். இப்போது இழுபறியில் இருப்பது ‘பைல்-ஆன்’. ஒரே ஆள்மேல் ஊரே வந்து விழுகிறதே, அது.

இந்தச் சொல்லுக்கு நான் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் ஒரு பிள்ளை, இந்த வருடம்தான் பிளஸ் டூ முடித்தாள். வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து சக்கை (பலா) வெட்டி, சுளை எடுத்து, தேங்காயெண்ணெயில் வறுவல் போடுகிற வீடியோ ஒன்றைப் போட்டாள். நம்ம பேச்சில்தான் பேசினாள். முதல் ஆள் வந்து ‘இது தமிழா மலையாளமா’ என்று கேட்டார். அடுத்தவர் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டார். அப்புறம் அவள் ‘சொல்லுகது’ என்றதைப் பலர் திருப்பித் திருப்பி எழுதினார்கள். பிறகு நிறம், பிறகு அம்மா, கடைசியில் ‘நீ எந்த ஊரு, என்ன ஆளு’. விடிவதற்குள் முந்நூறு தாண்டிவிட்டது. அவளுடைய அண்ணன் ஒவ்வொன்றாக முறையீடு செய்தான். நாலைந்தை எடுத்தார்கள். மற்றவற்றுக்கெல்லாம் ஒரே பதில்: விதிமீறல் இல்லை.

அந்தப் பதிலை வெறும் பொய் என்றும் தள்ள முடியவில்லை. ‘இது தமிழா மலையாளமா’ என்பதைத் தனியாக எடுத்துப் பார்த்தால் எந்த விதியை மீறுகிறது? சிரிப்புப் பொம்மை எதை மீறுகிறது? முந்நூறும் ஒன்றாக வந்ததுதான் அவளைச் சாய்த்தது. ஆனால் அந்த ‘ஒன்றாக’ என்பதை எழுத முறையீட்டுப் படிவத்தில் கட்டமே இல்லை.

இதுவரை வந்த பரிந்துரைகள்: கூட்டுக்கேலி, கும்பல் வசை, குளவிக்கூடு. கேலி என்றால் விளையாட்டாகிவிடும். கும்பல் என்றவுடன் தடியோடு நாலு பேர் கண்ணில் வருகிறார்கள். இங்கே வருகிறவர்களோ வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் படுத்திருப்பவர்கள். குளவிக்கூட்டில் பெரிய தப்பு இருக்கிறது, கூட்டைக் கலைத்தது யார் என்ற கேள்வி தானாக வரும், பழி அந்தப் பிள்ளைமேல் போய்விடும்.

என் பரிந்துரை: மொய்வசை. ஈ மொய்ப்பது சக்கைப்பழத்தில். பழத்தின் பேரில் குற்றமில்லை. கல்யாண மொய் நினைவுக்கு வருமே என்பார்கள். நமக்கு அது சுருள், எனவே குமரியில் குழப்பம் இல்லை.

---

தக்கலையிலிருந்து, திங்கள் காலை

அண்ணாச்சி, கோர்ட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுங்கள்.

சொல் எப்படி இருந்தாலும் சரி, வரையறையில் கண் வையுங்கள். தளர்வான சொல்லால் பட்டது போதும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு நினைவிருக்கும். மிகவும் புண்படுத்துகிற செய்தி, தொந்தரவு தருகிற செய்தி என்றெல்லாம் எழுதி, 3 ஆண்டு வரை சிறை வைத்திருந்தார்கள். எது புண்படுத்தும், யாரைப் புண்படுத்தும் என்பதற்கு அளவுகோல் கிடையாது. 2012-இல் மும்பையை அடுத்த பால்கரில், பால் தாக்கரே இறந்த சமயத்துக் கடையடைப்பைப் பற்றி முகநூலில் எழுதியதற்கு ஒரு பெண்ணையும், அதற்கு விருப்பம் போட்டதற்கு அவள் தோழியையும் பிடித்துக்கொண்டு போனார்கள். ஸ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே அடித்துப்போட்டது. செத்த பிரிவில் அதற்குப் பிறகும் வழக்குப் பதிந்துகொண்டிருந்தார்கள், 2022-இல் நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று.

அதனால் கேட்கிறேன். சாலை போடாத அதிகாரியின் பக்கத்தில் ஆயிரம் பேர் போய் ‘ரோடு எங்கே’ என்று எழுதினால் அதுவும் மொய்வசையா? நாளைக்கு அந்த அதிகாரியே நம் சொல்லை எடுத்து நம் தலையில் அடிப்பார்.

இன்னொன்று. தெருவில் கூட்டமாகச் செய்வதற்குச் சட்டத்தில் பெயர் உண்டு. சட்டம் பட்டியலிட்ட குற்ற நோக்கம் ஒன்றைப் பொது நோக்கமாகக் கொண்டு 5 பேர் அல்லது அதற்கு மேல் கூடினால் சட்டவிரோதக் கூட்டம். பழைய தண்டனைச் சட்டத்தில் 141, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 189. அந்த நோக்கத்துக்காகக் கூட்டத்தில் ஒருவர் செய்தது எல்லார் தலையிலும் விழும். ஆனால் அதற்குப் பொது நோக்கத்தைக் காட்டியாக வேண்டும். அண்ணாச்சி சொன்ன முந்நூறு பேர் ஒருவரையொருவர் அறியாதவர்கள். கைபேசித் திரையில் வந்தது, போகிற போக்கில் ஆளுக்கு ஒன்று எறிந்தார்கள். சட்டம் தடுமாறுகிற இடமும் அந்தப் படிவம் தடுமாறுகிற இடமும் ஒன்றுதான்.

சொல்லால் என்ன ஆகிவிடும் என்று போன மாதம் ஒருவர் இங்கே கேட்டார். தமிழ்நாட்டில் 1998-இல் கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலேயே ‘ஈவ் டீசிங்’ இருந்தது, சீண்டல் விளையாட்டு மாதிரி. சில வருடத்தில் சட்டத்தையே திருத்தி, பெண்களுக்கு எதிரான துன்புறுத்தல் என்று மாற்றினார்கள். ஏன் மாற்றினார்கள் என்று அவர் யோசித்துப் பார்க்கட்டும்.

---

குளச்சலிலிருந்து, திங்கள் மாலை

அக்கா சொன்ன ‘ஒருவரையொருவர் அறியாதவர்கள்’ என்பதைப் படித்ததும் எனக்குக் கரமடிதான் ஞாபகம் வந்தது. கரையிலிருந்து வலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு வடம், ஒவ்வொன்றிலும் வரிசையாக ஆள். ஒருத்தன் இழுக்கிறது ஒரு முழக் கயிறுதான், கைக்குப் பெரிய கனமும் தெரியாது. ஆனால் மொத்த வலை மடியும் கரைக்கு வந்துவிடும். வழியில் போகிறவன்கூட வந்து நாலு இழுப்பு இழுத்துவிட்டுப் போவான். ‘மடியிழுப்பு’ என்று வைக்கலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

வீட்டில் சொன்னேன், அம்மா சண்டைக்கு வந்துவிட்டாள். சோறு போடுகிற தொழில், அதை ஏச்சுக்குப் பேராக்குவியோ என்றாள். சரிதான். கரமடியில் இழுத்தவனுக்குப் பங்கு உண்டு, மீன் உண்டு. இதில் என்ன இருக்கிறது? பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் மொய்வசையில் எனக்கு ஒரு சந்தேகம். ஒவ்வொன்றும் தனியாக வசையாக இல்லை என்பதுதானே அண்ணாச்சியின் பிராது? அப்புறம் சொல்லிலேயே வசையை வைத்தால், ‘இதில் வசை எங்கே இருக்கிறது’ என்று மறுபடி ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பிப்பார்கள்.

---

நாகர்கோவிலிலிருந்து, புதன் இரவு

குளச்சல் தம்பியின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மொய்வசையை நானே திரும்பப் பெறுகிறேன். இரண்டு நாள் பழைய சொற்களில் தேடிப் பார்த்தேன். 133 அடி உயரத்தில் கடலில் நிற்பவரிடமும் போய்ப் பார்த்தேன்: 115-ஆவது அதிகாரம், அலர் அறிவுறுத்தல். ஊர்வாய் பேசுவதற்கு அலரைவிட அழகான சொல் இல்லை. ஆனால் அங்கே காதலர்களுக்கு அலரால் ஆதாயம் இருக்கிறது, ஊர்ப்பேச்சு காதலுக்கு எரு என்கிறார். இந்தப் பிள்ளைக்கு என்ன எரு? தவிர, அலர் முதுகுக்குப் பின்னால் பேசுவது. இது முகத்துக்கு நேரே வந்து எழுதுவது. விட்டுவிட்டேன்.

கடைசியில், செய்திருக்க வேண்டிய முதல் வேலையை நேற்றுச் செய்தேன். அந்தப் பிள்ளையிடமே கேட்டேன். அவள் வீடியோவை எடுத்துவிட்டாள், கணக்கையும் மூடிவிட்டாள். ‘அன்னைக்கு நடந்ததுக்கு நீ என்ன பேரு சொல்லுவ மக்ளே?’ அவள் யோசிக்கவே இல்லை.

‘ஒராள் சொன்னா போட்டும்னு இருக்கலாம் மாமா. எல்லாரும் சேந்துல்லா மேல சாடுகாவ.’

சாடு! வெளியூர் நண்பர்களுக்காக: குமரியில் சாடு என்றால் குதி. கிணற்றில் சாடுவோம், மதில் ஏறிச் சாடுவோம். பத்திரிகைத் தமிழில் அதே சொல்லுக்குக் கடுமையாகத் தாக்கிப் பேசு என்று பொருள். பழைய பாடல்களில் மோதித் தகர்ப்பது. மேலே குதிப்பது, சொல்லால் தாக்குவது, மோதுவது, மூன்றும் ஒரே சொல்லில் இருக்கின்றன. ஆங்கிலக்காரர்கள் ‘குவிந்து விழுதல்’ என்று எதை நினைத்தார்களோ அது நம் அடுக்களையில் இத்தனை நாள் கிடந்திருக்கிறது.

பத்திரிகையில் ஒரு தலைவர் இன்னொரு தலைவரைச் சாடுவார், அது ஒற்றைக்கு ஒற்றை. அதனால் முன்னால் திரள் சேர்க்கிறேன். திரள்சாடல். திரண்டு சாடினார்கள், திரள்சாடலுக்கு ஆளானாள் என்று வினையாகவும் வரும். வசை என்ற சொல் உள்ளே இல்லை என்பதால் தம்பியின் சிக்கலும் தீர்ந்தது.

---

மதுரையிலிருந்து, வியாழன்

ஐயா, சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாடு என்றால் குதி என்பது மலையாளம் அல்லவா? தமிழ்க் கலைச்சொல்லுக்கு அதை அடிப்படையாக்குவது சரியா?

---

தக்கலையிலிருந்து, வியாழன்

மதுரை அண்ணனுக்கு: அந்தப் பிள்ளைக்கு வந்த முதல் கருத்து என்னவென்று ஞாயிற்றுக்கிழமை மடலை எடுத்து ஒருமுறை பாருங்கள்.

கோபமாகச் சொல்லவில்லை. நாங்கள் 1956 நவம்பர் 1 அன்றுதான் இந்தப் பக்கம் சேர்ந்தோம், எல்லைக்கோடு போட்டவர்கள் எங்கள் வாயில் கோடு போடவில்லை. அந்தப் பக்கமும் சாடுகிறார்கள், இந்தப் பக்கமும் சாடுகிறோம். திருநெல்வேலி மாவட்டத்துப் பணகுடி ஆட்கள் சொல்லியும் கேட்டிருக்கிறேன்.

திரள்சாடலுக்கு என் வாக்கு உண்டு, ஒரு நிபந்தனையோடு. வரையறையில் எண்ணிக்கை போட வேண்டாம். 50 என்று போட்டால் 49 பேர் வருவார்கள். பொறுப்பில் இருப்பவரின் செயலைக் கேள்வி கேட்பது இதில் அடங்காது என்பதைப் பதிவிலேயே எழுதிவிடுங்கள்.

---

மதுரையிலிருந்து, வியாழன் இரவு

பார்த்தேன் தங்கச்சி. எனக்கே கூச்சமாக இருக்கிறது. என் வாக்கும் திரள்சாடலுக்கே.

---

நாகர்கோவிலிலிருந்து, வெள்ளி

பட்டியலில் ஏற்றப்போகும் பதிவு இது. ஞாயிறு வரை திருத்தலாம்.

திரள்சாடல் (பெயர்), திரண்டு சாடு (வினை): சமூக ஊடகத்தில் தனியாள் ஒருவரின் பேச்சு, உடல், பிறப்பு, குடும்பம் ஆகியவற்றைக் குறிவைத்துப் பலர், முன்கூட்டிப் பேசி வைத்தோ வைக்காமலோ, அடுத்தடுத்து வந்து தாக்குவது. தனித்தனியாகப் பார்த்தால் அவற்றில் பல வசையாக இல்லாமலும் இருக்கலாம். பொறுப்பில் இருப்பவரின் செயலைப் பலர் கேள்வி கேட்பது திரள்சாடல் ஆகாது.

‘ஆகாது’ என்பதற்குப் பதில் ‘அன்று’ போட வேண்டும் என்று இலக்கண நண்பர்கள் வருவார்கள். ஒவ்வொருவராக வாருங்கள்.

எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்று வேண்டும். அந்தப் பிள்ளையின் கதையைப் போட எனக்கு மனமில்லை. அவள் இப்போது வறுவல் போட்டுப் பக்கத்துக் கடைக்குக் கொடுக்கிறாள். நேற்று ஒரு பொட்டலம் வாங்கினேன், உப்பு ஒரு பொடிக்குக் கூடுதல். குளச்சல் தம்பி, வேறு வாக்கியம் இருந்தால் அனுப்புங்கள்.