பலூனில் நைட்ரஜன் ஆக்சைடுகளை எப்படி அளக்கிறார்கள்?

நிலா:
நைட்ரஜன் ஆக்சைடுகள் ஓசோனை அழிக்கும் என்று 1970இல் வளிமண்டல வேதியியலாளர் பால் குருட்சன் எழுதியதைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஓசோன் படலம் இருக்கும் அடுக்கு மண்டலத்தில் இவை நூறு கோடியில் சில பங்குதான் இருக்கின்றன. இவ்வளவு கொஞ்சத்தைப் பலூனில் தொங்கும் கருவி எப்படிப் பிடிக்கிறது? செயற்கைக்கோள் இருக்கும்போது பலூன் எதற்கு?

சேகர்:
ஒரு வழி, காற்றை உறிஞ்சி அங்கேயே அளப்பது. நைட்ரிக் ஆக்சைடு ஓசோனோடு சேரும்போது மங்கலான ஒளி வரும், அதை உணர்கருவி எண்ணும். நைட்ரிக் அமிலம் போன்ற மற்றவற்றை, சிறிது கார்பன் மோனாக்சைடு கலந்து, சுமார் 300 டிகிரி செல்சியஸில் சூடான தங்கக் குழாய்க்குள் விட்டால் அவையும் நைட்ரிக் ஆக்சைடாகிவிடும், மொத்தக் கணக்கு கிடைக்கும் (நைட்ரஸ் ஆக்சைடு இதில் சேராது). பெரிய தலைவலி, அந்த அமிலம் உறிஞ்சு குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்வது. பலூனும் கீழ்க்காற்றைக் கூடவே கொண்டுபோகும் என்பதால், வாயுவை மெல்லத் திறந்துவிட்டு இறங்கும்போது எடுத்த அளவுகளைத்தான் நான் அதிகம் நம்புவேன், அப்போது அடியில் இருக்கும் கருவிதான் புதுக்காற்றுக்குள் முதலில் நுழைகிறது.

தமிழரசி:
இன்னொரு வழி சூரிய ஒளி, எனக்குப் பிடித்தது இதுதான். உதயத்திலோ அஸ்தமனத்திலோ கதிர் காற்றைக் கிடையாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து கருவிக்கு வரும். வாயு குறைவாக இருந்தாலும் பாதை நீளம் என்பதால், அகச்சிவப்பு நிறமாலையில் அது உறிஞ்சிய தடம் தெளிவாக விழும். அடுக்கு மண்டலத்தில் நைட்ரிக் அமிலம் இருப்பதை டென்வர் பல்கலைக்கழகத்தார் 1960களின் பிற்பகுதியில் இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தின் மார்க் 4 கருவி 1989 முதல் இதே முறையில் பறக்கிறது. செயற்கைக்கோள் உலகம் முழுக்கப் பார்க்கும், ஆனால் அதன் அளவு சரியா என்று எதை வைத்துச் சொல்வது? அதற்குப் பலூன் வேண்டும். அப்புறம், கருவி பத்திரமாகத் தரையிறங்கினால் ஆய்வகத்தில் மறுபடி அளவுதிருத்தம் செய்யலாம், சுற்றுப்பாதையில் இருப்பதை அப்படி எடுத்துவர முடியாது.

நிலா:
சரி, அப்படியானால் காலையும் மாலையும் ஒரே அளவு வருமா?

சேகர்:
வராது. இரவில் நைட்ரிக் ஆக்சைடு முழுதும் நைட்ரஜன் டை ஆக்சைடாகிவிடும், அதிலும் ஒரு பகுதி டைநைட்ரஜன் பென்டாக்சைடாகச் சேர்ந்துகொள்ளும். பகலில் அந்தப் பென்டாக்சைடு மெதுவாகத்தான் உடைந்து மறுபடி டை ஆக்சைடைத் தருகிறது, அதனால் டை ஆக்சைடு உதயத்தைவிட அஸ்தமனத்தில் அதிகம். இரண்டு நேரத் தரவையும் கலந்து சராசரி எடுக்காதீர்கள்.